படம் உங்களுடையது, கூடு உங்களுடையது இல்லை

பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 62. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெயரும் ஊரும் வெளியே வர வேண்டாம் என்று கேட்டிருப்பதால் அவற்றை விட்டுவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

ஓய்வுக்குப் பிறகு பறவைகளைப் படம் எடுப்பதில் ஆர்வம் வந்து, பணிக்கொடையில் ஒரு பகுதியைக் கேமராவுக்கும் பெரிய லென்ஸுக்கும் செலவழித்திருக்கிறார். சென்ற பிப்ரவரியில் நண்பர்களோடு வால்பாறைக்குப் போனபோது, உள்ளூரில் கைடு என்று சொல்லிக்கொண்ட ஒருவர் தலைக்கு 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஓரமாக இருவாச்சிக் கூடு இருந்த மரத்தடிக்குக் கூட்டிப்போனார். அங்கே படம் எடுத்துக்கொண்டிருந்தபோது வனத்துறையினர் வந்து கேமராக்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். சாயங்காலம் ஆளுக்கு 5,000 ரூபாய் கட்டி ரசீது வாங்கிக்கொண்ட பிறகே திருப்பிக் கொடுத்தார்கள். படங்களையும் அழிக்கச் சொன்னார்களாம். கேமராவில் இரண்டாவது கார்டு ஒன்று இருந்ததால் இவருடைய படங்கள் தப்பிவிட்டன.

இன்னொரு விஷயம். திருப்பூர் நஞ்சராயன் குளத்தில் வரித்தலை வாத்துக் கூட்டத்தை இவர் எடுத்த படத்தை ஒரு தனியார் ரிசார்ட் தன் புத்தாண்டு காலண்டரில் அச்சிட்டிருக்கிறது. போன் செய்து கேட்டதற்கு, "நெட்ல கிடைச்சது சார், அதுல உங்க பேர் எதுவும் இல்லையே" என்றார்களாம். அப்புறம், வேண்டுமானால் இரண்டு நாள் இலவசமாக வந்து தங்கி எங்களுக்கு நாலு படம் எடுத்துக் கொடுங்கள் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

இவருடைய கேள்விகள்: வனத்துறை மேல் வழக்குப் போட்டுப் பணத்தைத் திரும்ப வாங்க முடியுமா? ஃபேஸ்புக்கில் போட்டுவிட்ட படம் பொதுச்சொத்து ஆகிவிட்டது, அதை மறந்துவிட வேண்டியதுதானா? துபாயில் இருக்கும் மகன் ட்ரோன் வாங்கி வருகிறேன் என்கிறான், சரிதானா? படங்களை விற்றால் பென்ஷனுக்குப் பிரச்சினை வருமா? கடைசியாக ஒன்றையும் எழுதியிருக்கிறார்: "இந்த வயசுல கேஸு, கோர்ட்டுன்னு அலையணுமா, கேமராவ வித்துடுங்கன்னு வீட்ல சொல்றாங்க."

ஐயா,

உங்கள் கடிதத்தில் கோபம் ஒரு பக்கமும் விட்டுக்கொடுத்தல் ஒரு பக்கமும் இருக்கிறது. கோபம் வனத்துறை மேல், விட்டுக்கொடுத்தல் ரிசார்ட்டிடம். சட்டப்படி பார்த்தால் இரண்டும் இடம் மாறி இருக்கின்றன. உங்களுக்கு உரிமை இல்லாத இடத்தில் வழக்குப் போடப் பார்க்கிறீர்கள். முழு உரிமை இருக்கும் இடத்தில், போனால் போகட்டும் என்கிறீர்கள். இதை முதலில் நேராக்கிக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது.

மரத்தடியில் நடந்தது

"அது காடே இல்லை, எஸ்டேட். அங்கே வனத்துறைக்கு என்ன அதிகாரம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். வால்பாறையில் எஸ்டேட் எங்கே முடிகிறது, காப்புக்காடு எங்கே தொடங்குகிறது என்பது கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியதல்ல. சரி, நீங்கள் நின்றது எஸ்டேட் நிலம்தான் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அது தனியார் நிலம். உரிமையாளரின் அனுமதி வேண்டும். அதையும் நீங்கள் வாங்கவில்லை. ஆனால் இங்கே நிலத்தைவிட முக்கியமானது பறவை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் சரணாலயத்துக்குள் மட்டும் செல்லும் சட்டம் அல்ல. மிக அதிகப் பாதுகாப்புப் பெறும் உயிரினங்களின் பட்டியலான அதன் முதல் அட்டவணையில் இருவாச்சி இருக்கிறது. அது எஸ்டேட் மரத்தில் கூடு கட்டினாலும், உங்கள் வீட்டு மரத்திலேயே கட்டினாலும் அந்தப் பாதுகாப்பு கூடவே வரும்.

அடுத்தது, "படம்தானே எடுத்தேன், வேட்டையா ஆடினேன்?" என்ற கேள்வி. இதில்தான் உங்களைப் போன்ற நல்ல மனிதர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். அந்தச் சட்டத்தின் பிரிவு 2(16) வேட்டை என்றால் என்ன என்று விளக்குகிறது. கொல்வது, பிடிப்பது, விரட்டுவதோடு அது நிற்கவில்லை. காட்டுப் பறவைகளின் முட்டைகளையோ கூட்டையோ தொந்தரவு செய்வதையும் வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே வைத்திருக்கிறது. முதல் அட்டவணை உயிரினம் என்றால் தண்டனை குறைந்தது 3 ஆண்டு சிறை, 7 ஆண்டு வரை போகலாம். அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். 2022 திருத்தத்தில் கூட்டப்பட்ட தொகை அது. குற்றத்துக்குப் பயன்பட்ட கருவியும் வாகனமும் அரசுடைமை ஆகலாம்.

தள்ளி நின்று பார்த்தது தொந்தரவு ஆகுமா என்று நீதிமன்றத்தில் வாதாட முடியும். ஆனால் உங்கள் கடிதத்திலேயே ஒரு வரி இருக்கிறது. ஆண் பறவை ஒரு மணி நேரத்துக்கு மேல் எதிர் மரத்தில் அசையாமல் உட்கார்ந்து அருமையாக போஸ் கொடுத்தது என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்கள். ஐயா, அது போஸ் இல்லை. பெண் இருவாச்சி பொந்துக்குள் போய், எச்சத்தாலும் பழச்சக்கையாலும் வாசலைத் தானே பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீற்று மட்டும்தான் திறந்திருக்கும். உள்ளே இறகையும் உதிர்த்துவிடுவதால் பறந்து வெளியே வந்துவிட அதனால் முடியாது. மாதக்கணக்கில் அதற்கும் குஞ்சுக்கும் ஆண் கொண்டுவந்து ஊட்டுவதுதான் சாப்பாடு. தொண்டை நிறைய அத்திப்பழத்தோடு வந்த ஆண், மரத்தடியில் ஐந்தாறு பேர் முக்காலி போட்டு நிற்பதைப் பார்த்து, கூட்டுக்குப் போக முடியாமல் எதிரே உட்கார்ந்திருக்கிறது. இறங்கி வந்து ஊட்டினால் கூடு இருக்கும் இடம் தெரிந்துபோகும் என்பது அதன் பயம். நீங்கள் எடுத்த அழகான படங்கள் அந்த ஒரு மணி நேரத்தில் எடுத்தவை.

உங்களைக் குற்றவாளி ஆக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. வழக்குப் போட்டால் அந்தப் படங்களே உங்களுக்கு எதிரான சாட்சி ஆகும் என்பதற்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு படக்கோப்புக்குள்ளும் தேதியும் நேரமும் பதிவாகி இருக்கும். முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தாலே எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்று தெரிந்துவிடும்.

இப்போது ரசீதை எடுத்துப் பாருங்கள். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று எழுதியிருக்க வேண்டும். குறைந்தபட்சச் சிறைத்தண்டனை உள்ள குற்றத்தைப் பணம் வாங்கிக்கொண்டு முடிக்க அந்தச் சட்டத்தின் பிரிவு 54 இடம் கொடுப்பதில்லை. ஆக, கூட்டைத் தொந்தரவு செய்ததாக எழுதியிருந்தால் விஷயம் 5,000 ரூபாயோடு போயிருக்காது. பெரும்பாலும் அத்துமீறி நுழைந்ததாக, 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி இணக்கக் கட்டணம், அதாவது வழக்கு இல்லாமல் முடிக்க வாங்கும் தொகை, வசூலித்திருப்பார்கள். அந்தத் தொகையைக் கட்டியதோடு அந்தக் குற்றம் பற்றிய மேல்நடவடிக்கை முடிகிறது. அதைத் திரும்பக் கேட்டுப் போவது, மூடிய கோப்பை நீங்களே திறந்து கொடுப்பது போல. என் ஆலோசனை, போகாதீர்கள்.

அவர்கள் நடந்துகொண்டதில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். பிரிவு 50 தேடுவதற்கும் கைப்பற்றுவதற்கும் அதிகாரம் கொடுக்கிறது. கைப்பற்றினால் மகஜர் எழுத வேண்டும், பொருளை மாஜிஸ்திரேட் முன் கொண்டுபோக வேண்டும். படத்தை அழி என்று மிரட்டச் சொல்லி அதில் எங்கேயும் இல்லை. அழித்தால் போவது சாட்சியம்தானே? இனி எப்போதாவது இப்படி நேர்ந்தால் சண்டை போடாதீர்கள், கெஞ்சவும் வேண்டாம். அதிகாரியின் பெயர், பதவி, எந்தப் பிரிவு என்று கேளுங்கள். கேமராவை வாங்கினால் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். ரசீதில் பிரிவு எழுதாமல் விட்டிருந்தால், தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போட்டு அந்தப் பதிவின் நகலைக் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும்.

கைடுக்குப் பணம் கொடுத்தோம், அதுவே அனுமதி என்று நினைத்திருக்கிறீர்கள். அனுமதி தரும் அதிகாரம் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கும் அவர் அதிகாரம் அளித்தவர்களுக்கும்தான். சரணாலயத்துக்குள் புகைப்படம் எடுக்க அனுமதி தரலாம் என்று பிரிவு 28 தெளிவாகவே சொல்கிறது, வாழிடத்துக்கும் உயிரினத்துக்கும் கெடுதல் வராமல் எடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. வனத்துறை பெயரில் ரசீது இல்லாத எந்தப் பணமும் அனுமதி ஆகாது. அந்த கைடு இன்று உங்களைக் கூட்டிப்போன மரத்துக்கு நாளை இன்னும் பத்துப் பேரைக் கூட்டிப்போவார். அவரிடம் மறுபடி போகாதீர்கள். ஃபேஸ்புக்கில் அந்தக் கூட்டின் படத்தை இடத்தின் பெயரோடு போட்டிருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். இதை வக்கீலாக மட்டும் சொல்லவில்லை. பல வருடம் ஒரே பொந்துக்குத் திரும்பி வரும் பறவை அது.

நீங்கள் சாதாரணமாகக் கேட்டிருக்கும் இன்னொன்றும் இதோடு சேர்ந்தது. ஆழியாறு செக்போஸ்ட் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் வரையாடு நிற்கும்போது இறங்கிப் படம் எடுக்கலாமா? பொதுச்சாலையில் கடந்து போகிறவருக்குத் தனி அனுமதி வேண்டாம் என்று பிரிவு 27 சொல்கிறது. அந்தச் சலுகை கடந்து போவதற்குத்தான். வண்டியை விட்டு இறங்கிச் சரிவில் ஏறினால் சலுகை போய்விட்டது. நிறுத்த அனுமதித்த இடத்தில் நிறுத்தி, சாலையிலிருந்தே எடுங்கள். கையில் பிஸ்கட்டோ பழமோ வேண்டாம்.

காலண்டரில் வந்த படம்

இங்கே நீங்கள் நிமிர்ந்து உட்காரலாம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, படத்தை எடுத்த கணத்திலேயே அதன் உரிமை உங்களுக்கு வந்துவிட்டது. பதிவு செய்திருக்க வேண்டியதில்லை, படத்தின் மேல் பெயர் போட்டிருக்க வேண்டியதும் இல்லை. ஃபேஸ்புக்கில் போட்டதால் நீங்கள் அந்த நிறுவனத்துக்குத் தன் தளத்தில் காட்ட ஒரு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். அங்கிருந்து எடுத்துக் காலண்டர் அடிக்க ரிசார்ட்டுக்கு யாரும் அனுமதி கொடுக்கவில்லை. உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்கிறது பிரிவு 19. "பேர் இல்லையே" என்பது ஒரு பதிலே ஆகாது. உண்மையில், எடுத்தவர் என்று உங்கள் பெயரைச் சொல்லக் கேட்பதும் பிரிவு 57 உங்களுக்குத் தரும் உரிமை.

இந்த உரிமை உங்கள் ஆயுள் முழுக்க உண்டு. அதற்குப் பிறகு 60 ஆண்டு உங்கள் வாரிசுகளுக்கு உண்டு. வீட்டில் இதைச் சொல்லுங்கள். ஹார்டு டிஸ்கில் இருப்பதும் குடும்பச் சொத்துதான்.

நீங்கள் உடனே செய்ய வேண்டியவை:

1. மூலக்கோப்பைப் பத்திரப்படுத்துங்கள். அதே நிமிடத்தில் முன்னும் பின்னும் எடுத்த படங்களை அழிக்காதீர்கள். திருடியவரிடம் ஒரு படம்தான் இருக்கும். அந்த வாத்துகள் தரையிறங்கும் வரிசை முழுக்க உங்களிடம் இருக்கிறது. அதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

2. காலண்டரில் ஒரு பிரதியை எப்படியாவது வாங்கி வையுங்கள். கீழே அச்சகத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ரிசார்ட்டின் இணையதளத்திலும் படம் இருந்தால், முகவரியும் தேதியும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். நீங்கள் முதலில் பதிவேற்றிய ஃபேஸ்புக் பதிவை நீக்கிவிடாதீர்கள், அதன் தேதி வேண்டும்.

3. இனி போனில் பேசாதீர்கள். எழுத்தில் கேளுங்கள், டெலிவரி ஆனதற்குச் சான்று கிடைக்கிற மாதிரித் தபாலில் அனுப்புங்கள். மூன்றைக் கேளுங்கள்: பயன்பாட்டை நிறுத்துவது, உங்கள் பெயரைக் குறிப்பிட்டு ஒப்புக்கொள்வது, நியாயமான கட்டணம்.

கட்டணத்தில் எவ்வளவு எதிர்பார்க்கலாம்? அவர்களிடம் எத்தனை பிரதி அடித்தார்கள் என்று கேளுங்கள். அதே மாதிரிப் படத்தைக் காசு கொடுத்து வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் அளவுகோல். லட்சங்களை மனதில் வைத்துப் போகாதீர்கள். பெரும்பாலான இடங்களில் முறையான ஒரு நோட்டீஸிலேயே பேச்சு வந்துவிடும். வராவிட்டால் உங்கள் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ரிசார்ட் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம் என்று பிரிவு 62 வசதி செய்து தந்திருக்கிறது. பிரிவு 63ன்படி இது கிரிமினல் குற்றமும் கூட. போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம் என்று 2022ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் ஒரு காலண்டருக்காகக் காவல் நிலையத்தில் தொடங்க வேண்டாம் என்பேன். கடைசிக் கதவாக அது இருக்கட்டும்.

அந்த இரண்டு நாள் இலவசத் தங்கலுக்கு மட்டும் சரி என்று சொல்லிவிடாதீர்கள். ஒருவர் பணமோ பணத்துக்கு ஈடான எதையோ கொடுத்து, தனக்காக எடுக்கச் சொல்லி எடுத்த படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவரே முதல் உரிமையாளர் என்கிறது பிரிவு 17. அறையும் சாப்பாடும் ஈடாகக் கொடுத்ததாகச் சொல்லி, நீங்கள் அங்கே எடுக்கும் அத்தனை படமும் எங்களுடையது என்று அவர்கள் வாதாடலாம். போக ஆசை இருந்தால், உரிமை எனக்கே, இன்ன படத்தை இன்ன காரியத்துக்கு இத்தனை மாதம் பயன்படுத்தலாம் என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போங்கள். புகைப்படப் போட்டிகளின் விதிமுறைகளையும் இதே கண்ணோடு படியுங்கள். பரிசு ஒருவருக்கு, உரிமை அனுப்பிய எல்லோரிடமிருந்தும் என்று எழுதி வைத்திருப்பார்கள்.

ட்ரோன், பென்ஷன்

மகனிடம் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து முழு ட்ரோனைக் கொண்டுவருவதற்கு 2022 பிப்ரவரியிலிருந்து தடை இருக்கிறது. விமான நிலையத்தில் சுங்கத் துறை எடுத்து வைத்துக்கொள்ளும். இங்கேயே வாங்கினால் 2021 ட்ரோன் விதிகள் பொருந்தும். 250 கிராம் வரை உள்ளதற்கும், வணிக நோக்கமில்லாமல் பறக்கவிடும் 2 கிலோ வரை உள்ளதற்கும் பைலட் சான்றிதழ் தேவையில்லை. படத்தை விற்கும் எண்ணம் இருந்தால் கணக்கு மாறும். அந்தச் சான்றிதழுக்கு வயது வரம்பு 65. உங்களுக்கு இன்னும் மூன்று வருடம்தான். எங்கே ட்ரோன் பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பச்சை மண்டலமா, அதாவது முன்அனுமதி வேண்டாத இடமா என்று பார்க்காமல் எங்கேயும் பறக்கவிடாதீர்கள். வனப்பகுதி, சரணாலயம், பறவைகள் கூடு கட்டும் குளம், இந்த மூன்றும் வேண்டவே வேண்டாம். பருந்து வந்தது என்று நினைத்துப் பறவைகள் மொத்தமாகக் கூட்டை விட்டு எழும்பும். மேலே சொன்ன வேட்டை விளக்கத்தை மறுபடி படித்துப் பாருங்கள்.

படம் விற்பதால் பென்ஷன் நிற்காது. வருமானத்தை வருமான வரிக் கணக்கில் காட்டிவிடுங்கள்.

வீட்டில் சொல்வது

உங்கள் மனைவி கேமராவை விற்கச் சொல்வதை உங்கள் ஆசைக்கு எதிரான பேச்சாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். கடிதத்தை இரண்டு முறை படித்துப் பார்த்தேன். அவர் பயப்படுவது கேமராவைப் பார்த்து அல்ல. இதயத்தில் ஸ்டென்ட் வைத்த மனிதர், யானை நடமாடும் தோட்டத்தில், யாரென்றே தெரியாத கைடை நம்பி, செல்போன் சிக்னல் இல்லாத இடத்துக்குப் போகிறார் என்பதைப் பார்த்து. அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. எங்கே போகிறீர்கள், யாரோடு, எப்போது திரும்புவீர்கள் என்று எழுதி வைத்துவிட்டுப் போவது, மாத்திரையைக் கேமராப் பையிலேயே ஒரு செட் வைப்பது, தனியாகப் போகாமல் இருப்பது, இந்த மூன்றையும் நீங்களாகவே போய்ச் சொன்னால் பாதிச் சண்டை தீரும்.

மீதிப் பாதிக்கு, முறையான அனுமதியோடு போய்ப் பார்க்கக்கூடிய இடங்கள் உங்களைச் சுற்றி இருக்கின்றன. நஞ்சராயன் குளமே இன்று பறவைகள் சரணாலயம். நீங்கள் வரித்தலை வாத்து எடுத்தது அங்கேதான், கரையில் நின்றபடி. டாப்ஸ்லிப்பில் வனத்துறை வண்டியிலேயே சுற்றிக் காட்டுகிறார்கள். தெற்கே, திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் கூழைக்கடாவும் நாரையும் ஊர்த் தெருவில் இருக்கும் மரங்களிலேயே கூடு கட்டும். அந்த ஊர்க்காரர்கள் பரம்பரையாகக் காவல் காக்கிறார்கள். அங்கே மனைவியையும் கூட்டிப்போகலாம், மரத்தடியில் நிற்காமல் தள்ளி நின்று பார்க்கலாம். காட்டுக்குள்ளேயே போக ஆசை என்றால், வனத்துறை நடத்தும் ஒருங்கிணைந்த பறவைகள் கணக்கெடுப்புக்குத் தன்னார்வலராகப் பெயர் கொடுங்கள். அதிகாரிகளோடு, அனுமதியோடு, ஒரு காரியத்துக்காகப் போவீர்கள். பொங்கல் சமயத்தில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பை வீட்டு மாடியிலிருந்தே செய்யலாம். உங்களைப் போல் நேரமும் நல்ல லென்ஸும் உள்ளவர்களின் பதிவுகளுக்கு அங்கே உண்மையான மதிப்பு உண்டு.

ரிசார்ட்டுக்கு எழுதும் கடிதத்தைத் தள்ளிப்போடாதீர்கள். உரிமை மீறலுக்கு இழப்பீடு கேட்க 3 ஆண்டுதான் காலக்கெடு, காலண்டர் அச்சான நாளிலிருந்தே அது ஓடத் தொடங்கிவிட்டது. வனத்துறை ரசீதின் இரண்டு பக்கத்தையும் நகல் எடுத்து அனுப்புங்கள். நான் ஊகித்த பிரிவுதானா, வேறா என்று பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் அதற்கு மட்டும் தனியாக எழுதுகிறேன்.